எட்டாம் நாள் தண்ணி

வால்வுக்காரர் சைக்கிள் வீதியில் போவது
ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு.
அதற்கப்புறம் கால்மணி நேரம்
குழாய் வெறும் காத்தைத் துப்பும்.
பிறகுதான் தண்ணி.

திருப்பூரில் எங்கள் வீதிக்கு
எட்டு நாளைக்கு ஒருக்கா.

நீல டிரம் மூணு.
சாயப்பட்டறையில் கழித்துப் போட்டதை
இவர் சல்லிசாய் வாங்கி வந்து
ஒரு வாரம் தேய்த்துக் கழுவியும்
முதல் மாதம் எல்லார் உள்ளங்கையும் லேசாய் ஊதா.
அண்டா ஒண்ணு, குடம் எட்டு,
போசிக்குக் கணக்கில்லை.
நிதின் மோட்டார். சஷ்மிதா ஓஸ்.
இவர் மொட்டைமாடித் தொட்டி.
நான் அதட்டல்.

ஆறாம் நாளே டிரம்மில் அடி தெரியும்.
ஏழாம் நாள் சண்டை.
தலைக்கு ஊத்தினது யார்,
ஒரு ஜீன்ஸுக்கு ரெண்டு பக்கெட்டா.
குளியலறைக் கதவில் சாக்பீஸால்
ஆளுக்குப் பத்துச் சொம்பு என்று எழுதினேன்.
கீழே ஒரு வரி, சஷ்மிதா கையெழுத்து:
அப்பாவுக்கு மட்டும் பன்னண்டா?

ரெட்டைப் பிள்ளைகள்.
ஆவணி பிறந்த வாரத்திலேயே
அவள் சென்னைக்கு, அவன் திருச்சிக்கு.
ஆறு நிமிசம் முன்னே பின்னே பிறந்ததுகள்
போகும்போது ரெண்டு நாள் இடைவெளி விட்டன,
அந்த ரெண்டு நாளும்
நிதின் கூடுதலாய்க் குளித்தான்.

சுகாதாரத் துறைப் பெண் வந்தாள்,
டார்ச் அடித்து டிரம்முக்குள் பார்த்தாள்.
கொசுப்புழு வெச்சிருக்கீங்கக்கா,
பைன் போடட்டுங்களா?
புழு வைக்கிற அளவுக்கு
இந்த வீட்டில் தண்ணி என்றைக்குத் தங்கியிருக்கிறது!
ஆளு கொறஞ்சு போச்சுங்க என்றேன்.
அவள் டார்ச்சை அணைத்தாள்,
முகம் வேறு மாதிரி ஆனது.
அய்யோ, காலேஜுக்குங்க என்றேன்.
ரெண்டு பேரும் சிரித்தோம்.
அவள் போன பின்னால்
டிரம்மை நானே சாய்த்துக் கவிழ்த்தேன்.
வாசலெல்லாம் ஓடியது,
பார்க்கப் பொறுக்கவில்லை.

இவர் இப்போது அரைமணி நேரம் குளிக்கிறார்.
பதினெட்டு வருசமாய்
காதுக்குப் பின்னால் நுரையோடு
கம்பெனிக்கு ஓடின மனுசன்.
நேற்று உள்ளேயிருந்து பாட்டு கேட்டது.
இவருக்குப் பாட வரும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ராத்திரி சாப்பாட்டில்
பீஸ் கணக்கு பேசி முடித்தால்
பேச்சும் முடிந்தது.
அரிசிம்பருப்பு ஆறிப்போகும்.
சண்டைக்கு எங்களிடம் ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது,
அதுவும் இப்போது
டிரம் நிறையக் கிடக்கிறது.

நேற்று எட்டாம் நாள்.
சைக்கிள் போனது, காத்து வந்தது, தண்ணி வந்தது.
நிரப்ப ஒன்றுமில்லை.
ஓஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
ரெண்டு பத்துக்கு போன் மின்னியது.
தண்ணி வந்துருச்சாம்மா?
அவளுக்கு அங்கே ஆறாம் மாடியிலும்
எந்நேரமும் வருகிறதாம்.
பின்னே எதுக்குக் கண்ணு முழிச்சிருக்கே?
தெரியலம்மா, முழிப்பு வந்துருச்சு.
கொஞ்சம் கழித்துக் குடும்பக் குரூப்பில் அவன்:
மோட்டார்ல காத்து அடைச்சா
செகப்பு மூடியத் தொறந்து
ஒரு சொம்பு ஊத்துங்க.
வேறொன்றும் எழுதவில்லை.

பக்கத்து லைன் வீட்டில்
ஒடிசாப் பையன்கள் ஆறு பேர்,
குழாய் மூலைக்குழாய், நூல் மாதிரி விழும்.
ஓஸின் நுனியைக் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் வீசினேன்.
இருட்டில் ஒருவன் பிடித்தான்,
என்ன பாஷையிலோ என்னமோ சொன்னான்.
பக்கெட் வழிகிற சத்தம் கேட்டது.
டேய், கீழ போகுது பாரு,
ஓஸ மாத்து,
அந்தக் குடத்துல வுடு சாமி,
தூங்கறியா என்ன?

உள்ளேயிருந்து இவர்:
ஆரையாம் புள்ள திட்டறே இந்நேரத்துல?